யாழ்ப்பாணம் டு திருவண்ணாமலை: விமானத்தில் 1 மணி நேரம்... மீதி 8 மணி நேரம் எங்கே போகிறது?

பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் திருவண்ணாமலை வரும் ஈழத்துப் பக்தர்கள் பலர். நேர்கோட்டில் பார்த்தால் அண்ணாமலையாருக்கு யாழ்ப்பாணம் சுமார் 290 கி.மீ.தான், திருநெல்வேலியே அதைவிடத் தூரம்! ஆனால் பயணம் ஒரு முழுப் பகலை விழுங்கிவிடுகிறது. ஏன்?

எந்த வழி கிட்ட?

பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியில் சுமார் 355 கி.மீ. திருச்சி சுமார் 185 கி.மீ. பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2019 அக்டோபரில். அடுத்த மாதமே சென்னை விமானம் தொடங்கியது. கொரோனாவால் நின்றுபோய், 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. திருச்சி - யாழ்ப்பாணம் சேவையை இண்டிகோ 2025 மார்ச் 30-ல் ஆரம்பித்தது.

இது புது வழியும் இல்லை. 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோனின் முதல் விமானமே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது.

தூரம் பாதி என்றால் நேரமும் பாதியா?

அதுதான் இல்லை. சென்னைக்கு சுமார் 1¼ மணி நேரம், திருச்சிக்கு சுமார் 1 மணி நேரம் என்றே அட்டவணை போடுகிறார்கள். இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம். வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. அந்தக் கணக்கில் சென்னைக்கு 43 நிமிடம், திருச்சிக்கு 22 நிமிடம் போதும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, நிற்குமிடத்துக்கு வந்து சேர்வது என்று கூடுதலாக அரை மணி நேரம் போய்விடும். தூரம் எவ்வளவு குறைந்தாலும் இந்த அரை மணி குறையாது.

மொத்தக் கணக்கு என்ன?

வெளிநாட்டுப் பயணம் என்பதால் 3 மணி நேரம் முன்பே பலாலியில் இருக்க வேண்டும். இறங்கியபின் குடிவரவு, சுங்கச் சோதனைக்கு 1 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையோ திருச்சியோ, அங்கிருந்து திருவண்ணாமலைக்கு சாலையில் 180 முதல் 200 கி.மீ. வரை, சுமார் 4 மணி நேரம். கூட்டினால் திருச்சி வழி 9 மணி, சென்னை வழி 9¼ மணி. வித்தியாசம் வெறும் கால் மணி!

அப்போ என்ன செய்யலாம்?

வானில் மிச்சமாகும் கால் மணிக்காக வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கட்டணம், விமானம் இறங்கும் நேரம், அடுத்த பஸ் எப்போது என்பதைப் பாருங்கள். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான் என்பதால் கடிகாரத்தை மாற்றும் குழப்பம் இல்லை. பௌர்ணமி அன்று பஸ்களை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்தும் நடக்க வேண்டியிருக்கும். அதன்பிறகு 14 கி.மீ. கிரிவலம் வேறு. வயதானவர்களோடு வருகிறீர்களா? ஒருநாள் முன்னதாகவே வந்துவிடுங்கள்.