புழுங்கல் அரிசியும் பெரிபெரியும்: 1905 சோதனை கற்றுத்தரும் பாடம்

‘இதைச் சாப்பிட்டா நோயே வராது’ என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தால் நம்பலாமா? ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நீங்கள் வாங்கும் புழுங்கல் அரிசிக்குப் பின்னாலேயே ஒரு பதில் இருக்கிறது.

அன்றைய மலாயாவில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களை அது அதிகம் தாக்கியது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களை அவ்வளவாகத் தொடவில்லை.

அப்போ காரணம் அரிசிதானே? அவசரப்படாதீங்க. இரு தரப்பினரின் வேலையும் இருப்பிடமும்கூட வேறு.

எப்படி உறுதி செய்தார்கள்?

1905-ல் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில், மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்ணுக்குத் தீட்டிய அரிசி, இரட்டை எண்ணுக்குப் புழுங்கல். யாருக்கு எது என்பதை அவர் விருப்பம் தீர்மானிக்கவில்லை.

தீட்டிய அரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. நெல்லைப் புழுக்கும்போது வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னர்தான் தெரிந்தது.

இன்று நோயாளியின் சம்மதமும் அறநெறிக் குழுவின் அனுமதியும் இல்லாமல் இப்படிச் சோதிக்க முடியாது.

நீங்கள் கேட்க வேண்டியவை

• ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா?
• குழுக்களை எப்படிப் பிரித்தார்கள்?
• எத்தனை பேரிடம் சோதித்தார்கள்?

பதில் இல்லையா? ஃபார்வர்ட் பண்ணாதீங்க.