ஆற்றங்கரையில் கவிந்த இருள்



பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் வினவியது, இது யார் செய்த பாவம் என்பதே. அவ்வினாவை ஆண்டவர் ஏற்கவில்லை என்பதை அருளப்பர் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அண்டை வீட்டாருக்கு நோய் வரும்போது அதே வினா இன்றும் நம் நாவில் எழுகிறதன்றோ?

மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்றோரச் சிற்றூர்களை நினைத்துப் பாருங்கள். அங்கே பார்வையிழந்த பெரியவர் கோலின் ஒரு முனையைப் பற்றி நடக்க, மறுமுனையைப் பிடித்துச் சிறுவன் ஒருவன் வழிகாட்டிச் செல்வது அன்றாடக் காட்சியாயிருந்தது. செழிப்பான நிலத்தைக் கைவிட்டு மக்கள் வெளியேறிய ஊர்களும் உண்டு.

இதற்குக் காரணம் பாவமன்று, ஒரு புழு. விரைந்தோடும் நீரில் பெருகும் கரிய சிற்றீ பலமுறை கடிக்க, இப்புழு உடலில் புகுகிறது. தோலின்கீழ்க் கட்டிகளில் பத்தாண்டுக்கு மேலும் வாழ்ந்து, எண்ணற்ற குஞ்சுகளை ஈனுகிறது. அவை தோலெங்கும் பரவித் தாங்கொணா அரிப்பைத் தருகின்றன. கண்ணுக்குள் சென்றவை மடியும்போது அழற்சி உண்டாகிறது. நாளடைவில் கருவிழி வெண்மையடைந்து பார்வை அவிகிறது. இதுவே ஆற்றுக்குருடு.

1974-இல் ஈயை ஒழிக்க ஹெலிகாப்டர்களிலிருந்து ஆறுகளில் மருந்து தெளிக்கத் தொடங்கினர். பின்னர், ஜப்பானிய அறிஞர் சத்தோஷி ஓமுரா மண்ணில் கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து ஐவர்மெக்டின் மருந்து பிறந்தது. அவரும் வில்லியம் கேம்பெல் என்பாரும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். மெர்க் நிறுவனம் 1987-இல், தேவைப்படும் அளவும் காலமும் இம்மருந்தை இலவசமாக வழங்க முன்வந்தது.

ஆயினும் இம்மருந்து குஞ்சுகளையே அழிக்கும், தாய்ப்புழுவைக் கொல்லாது. ஆகவே ஊரார் யாவரும் ஆண்டுதோறும், பத்துப் பதினைந்து ஆண்டுகள் விடாது உண்ணவேண்டும். ஊராரே தேர்ந்தெடுத்த தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, கோலால் உயரத்தை அளந்து, அதற்கேற்ப மாத்திரை கொடுக்கின்றனர். இழந்த பார்வை மீளாது. ஆனால் அடுத்த தலைமுறை காக்கப்படுகிறது. 2013-இல் கொலம்பியாவும், 2025-இல் ஆப்பிரிக்காவில் முதலாவதாக நைஜரும் இந்நோயை ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தவக்காலத்தில் ஒருமுறை உண்டியலில் காசிடுவதோடு நம் பிறரன்பு முடிந்துவிடலாகாது. நம் பங்கிலும் படுத்த படுக்கையாயிருப்போர் உளர். கண் மங்கிய முதியோர் உளர். யார் பாவம் என்று கேளாமல், ஒவ்வொரு குடும்பமும் அவர்களில் ஒருவரைத் தன் பொறுப்பில் ஏற்று, வாரந்தோறும் தவறாமல் சென்று பார்க்கட்டும். அத்தகைய விடாமுயற்சியை ஆண்டவர் நம் அனைவருக்கும் அருள்வாராக.