நித்தியகல்யாணித் தண்ணீர் குடிக்கிறீர்களா?



லயத்து வாசலில் வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி உங்களுக்குப் புதிதல்ல. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். மலாய்க்காரர்கள் கெமுந்திங் சீனா என்பார்கள். இனிப்பு நீருக்கு நல்லது என்று இதன் பூவையும் இலையையும் அவித்துக் குடிப்பவர்கள் நம்மிடையே பலர்.

சில வருடங்களுக்கு முன், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஓர் அம்மா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை, கைநடுக்கம். சோதித்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிக் கிடந்தது. சீனித் தண்ணீர் கொடுத்துத் தெளிந்த பிறகுதான் சொன்னார்: "மாத்திரையும் போட்டேன், பூத்தண்ணியும் குடிச்சேன், பசியாறல. சொன்னா ஏசுவீங்கன்னு சொல்லல, டிரசரையா."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று தைத்தது. முன்பு ஏசியவன் நான்தானே!

இந்தச் செடி சும்மா செடியல்ல. 1950-களில் ஜமைக்காவிலும் இனிப்பு நீருக்கு இதைத்தான் குடித்தார்கள். கனடாவில் ராபர்ட் நோபிள், சார்ல்ஸ் பீர் என்ற இருவர் இதை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். வாயால் கொடுத்ததில் சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றியபோது இரத்தத்தின் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டினை 1958-ல் உலகுக்கு அறிவித்தார்கள். பின்பு இதே செடியிலிருந்து வின்கிரிஸ்டினும் வந்தது. இரண்டும் இன்றும் புற்றுநோய்க்கு ஊசி மருந்து. டாக்டர்கள் மில்லிகிராம் கணக்குப் பார்த்து, இரத்தம் சோதித்துத்தான் ஏற்றுவார்கள்.

அந்தச் செடியை நாம் கைப்பிடி அளவில் அவிக்கிறோம்! எந்தக் கைப்பிடியில் எவ்வளவு சத்து, எவ்வளவு நஞ்சு என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே என் கருத்து இதுதான். வாசலில் பூக்கட்டும், சாமிக்கும் வையுங்கள். அவித்துக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தொடவே கூடாது. பூத்தண்ணியை நம்பி மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தாதீர்கள். குடித்து வருபவருக்கு வாந்தி, கைகால் மரத்துப்போதல், அடிக்கடி காய்ச்சல் வந்தால் உடனே கிளினிக்குக்கு வாருங்கள்.

கிளினிக்குக்குப் போனால் அரைநாள் சம்பளம் போகுமே என்று சிலர் பூவைத் தேடுவதும் எனக்குத் தெரியும். அதைத் தொழிற்சங்கத்தில் பேசுவோம். அதற்காக உடம்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

என்ன குடித்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். இனி நான் ஏசமாட்டேன்.