விளையாட்டும் அளவும்

சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை நமது விடுதித் திண்ணையில் ஒரு வழக்கு எழுந்தது. விடுமுறையில் நீர்விளையாட்டுப் பூங்காவொன்றிற்குச் சென்று மீண்ட நண்பரொருவர், அங்குள்ள சறுக்குகளின் உயரத்தைப் பெரிதும் புகழ்ந்துரைத்து, "ஆபத்தில்லாத விளையாட்டு விளையாட்டாகாது, ஆபத்தை முற்றும் நீக்கிவிட்டால் எஞ்சுவது குளியலறையே" என்றார். கேட்டோர் நகைத்தனர். நாமும் நகைத்தோம், எனினும் தக்க விடை கூற அப்பொழுது நமக்கு நா எழவில்லை. இக்கட்டுரையை அவருக்குக் காலந்தாழ்த்துக் கூறும் விடையாக வாசகர் கொள்வாராக. புனலாட்டைப் பரிபாடலில் மட்டுமே கண்ட தமிழ் வகுப்பினர்க்கு இதில் யாது வேலை என்பாரும் உளர். அவர்களும் பொறுத்தருள்க.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாகாணத்தில் நியூ பிரான்ஃபெல்ஸ் என்றோர் ஊர் உண்டு. 1845-ஆம் ஆண்டில் இளவரசர் கார்ல் என்பார் தலைமையில் வந்த ஜெர்மானியக் குடிகள் நிறுவிய ஊர் அது. சுண்ணாம்புப் பாறைகளின் அடியில் தேங்கிய நீர் அவ்வூரில் ஊற்றுகளாய்ப் பீறிட்டெழுந்து கோமால் என்னும் ஆறாகிறது. ஊருக்குள்ளேயே பிறந்து, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டரே ஓடி, ஊருக்குள்ளேயே மற்றோராற்றில் கலந்துவிடுவது இவ்வாற்றின் விசித்திரம். கோடையிலும் அதன் நீர் குளிர்ந்தும் தெளிந்தும் இருக்கும். காற்றடைத்த ரப்பர் வளையத்தில் அமர்ந்து ஆற்றின் போக்கிலே மிதந்து செல்லுதல் அவ்வூராரின் பழைய பொழுதுபோக்கு.

இந்த ஆற்றங்கரையில் 1966-இல் ஹென்றி என்னும் குடும்பத்தார் ஒரு விடுதியை விலைக்கு வாங்கினர். விடுதிக்கு வருவோர் ஆற்றிலே மகிழ்வதைக் கண்ட அவர்கள், 1979-இல் ஜெர்மனியிலுள்ள பிரான்ஃபெல்ஸ் கோட்டையின் சாயலில் ஒரு கோபுரம் எழுப்பி, அதிலிருந்து நான்கு சறுக்குகளை இறக்கினர். ஷ்லிட்டர்பான் என்று அதற்குப் பெயரிட்டனர். வழுக்குப் பாதை என்பது அச்சொல்லின் பொருள். ஆற்று நீரையே மேலேற்றி, சறுக்கின் வழியே விட்டு, மீண்டும் ஆற்றிலேயே சேர்த்தனர். பழைய பகுதியிற் பாய்வது இன்றும் ஊற்றுநீரே. ஆற்றின் இயல்பை மாற்றாது, அதனோடு சற்றே விளையாடிப் பார்த்த செயல் இது. இப்பூங்காவின் உண்மைப் பெருமை இதுவே என்பது நமது துணிபு. அந்த நீருக்கும் ஓர் அளவுண்டு. 1956-ஆம் ஆண்டின் பெரும் பஞ்சத்தில் அவ்வூற்றுகள் ஏறத்தாழ ஐந்து மாத காலம் அடியோடு நின்றன. எனவே ஆற்றை நம்பி விளையாட்டு அமைப்பவர்க்கு அளவை நினைவூட்ட அங்கே வேறோர் ஆசிரியர் வேண்டியதில்லை.

அக்குடும்பத்தார் வெறும் வணிகரும் அல்லர். புதுமை காண்பதில் ஊக்கமுடையவர். 1991-இல், மெத்தென்ற ஒரு சரிவின்மீது நீரை மெல்லிய படலமாக வேகத்துடன் ஏவி, ஓடாது ஓரிடத்திலேயே நிற்கும் அலையொன்றை அமைத்தார்கள். கடலுக்கு நெடுந்தொலைவிலிருந்த சிறுவர் அங்கே பலகையிற் படுத்து அலைமீது ஊர்ந்தனர். 1994-இல் அதனினும் வியப்பானதொன்று நிகழ்ந்தது. நீர் மேலிருந்து கீழே பாயும் என்பதே உலகறிந்த வழக்கு. இவர்களோ சறுக்கின் மேட்டுப் பகுதிகளிற் குழாய்முனைகளைப் பொருத்தி, அவற்றினின்று பீச்சும் நீரின் விசையால் மிதவையை மேல்நோக்கி உந்தினர். மலையேறும் நீர்ச்சறுக்கு இவ்வாறு பிறந்தது. பல முறை செய்து, பல முறை பிழைத்து, மீண்டும் செய்து கண்ட வித்தை இது. 1998 முதல் பல்லாண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவின் சிறந்த நீர்ப்பூங்கா என்னும் பரிசை இவ்விடம் பெற்றமையில் வியப்பில்லை. இதுகாறும் நாம் கூறியவற்றை நம் நண்பர் கேட்டால், "நானும் இதனையே சொன்னேன்" என்பார். நிற்க.

பூங்கா பிற ஊர்களிலும் கிளைத்தது. 2009-இல் கான்சாஸ் மாகாணத்தின் கான்சாஸ் சிட்டியில் ஒரு கிளை தோன்றிற்று. அங்கே 2014 ஜூலையில் திறக்கப்பட்ட சறுக்கிற்கு ஃபெர்ரூக்ட் என்று பெயர். ஜெர்மன் மொழியில் அதற்குப் பித்து என்பது பொருள். பெயரிட்டோர் விளையாட்டாகவே இட்டனர் போலும். அதன் உயரம் 168 அடி 7 அங்குலம்; பதினேழு அடுக்கு மாளிகைக்கு நிகர். உச்சியை அடைய 264 படிகள் ஏறவேண்டும். பிரேசில் நாட்டில் அதற்குமுன் முதன்மை பெற்றிருந்த கிளிமஞ்சாரோ என்னும் சறுக்கைக் காட்டிலும் இது சில அடிகளே உயர்ந்தது. அச்சில அடிகளுக்காகவே இது கட்டப்பட்டது என்றாலும் பிழையாகாது.

மூவர் ஒரு மிதவையில் அமர்ந்து, ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கி, மணிக்கு ஏறத்தாழ 65 மைல் வேகத்திற் பாய்ந்து, எதிரேயுள்ள மற்றொரு மேட்டின்மேல் ஏறி இறங்க வேண்டும். அம்மேட்டின் முகட்டிலேதான் இடர். வேகம் மிகுமாயின் மிதவை சறுக்கைத் தொடாது காற்றில் எழும். பாரம் மிகுந்த மிதவை உராய்வினாலும் நீரின் தடையினாலும் தன் வேகத்தைக் குறைவாகவே இழக்கும். எனவே எழும்பும் அபாயமும் மிகும். மூவரின் மொத்த எடை 400 முதல் 550 பவுண்டுக்குள் இருத்தல் வேண்டுமென்று விதித்தது இதனாலேதான். சோதனையின்போதே மணல்மூட்டை ஏற்றிய மிதவைகள் காற்றிற் பறந்தன. மேட்டின் வடிவத்தைத் திருத்தினர். திறப்பு நாளைப் பன்முறை தள்ளிவைத்தனர். முடிவில், பறப்பவரைத் தடுக்க மேலே உலோக வளையங்களிற் கட்டிய வலையொன்றை விரித்தனர். பறக்கக்கூடும் என்று அறிந்தமையாலன்றோ வலை விரித்தனர்?

2016 ஆகஸ்டு 7-ஆம் நாள் பத்து வயதுச் சிறுவனொருவன் மிதவையின் முன்னிருக்கையில் அமர்ந்தான். பின்னிருந்த இருவரும் பெரியவர்கள். மொத்த எடை வரம்பைக் கடக்கவில்லை. ஆனால் மூவரில் மிக இலேசானவன் முன்னே இருந்தான். இரண்டாம் மேட்டில் மிதவை எழும்பிற்று. வலையைத் தாங்கும் வளையமே அவனுயிரைக் கவர்ந்தது. இதற்குமேல் எழுத நமக்கு மனமில்லை.

2018-இல் உரிமையாளர் முதலியோர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, சான்றுகளைக் காட்டிய முறை தவறெனப்பட்டு 2019-இல் தள்ளப்பட்டது. இவ்விபத்தின் பொருட்டு எவரும் தண்டனை பெற்றிலர். ஆதலின் நாமும் எவரையும் கொலைகாரர் என்னோம். நமது வாதம் வேறு. அந்நாளில் கான்சாஸ் மாகாணச் சட்டம், நிலையான விளையாட்டுப் பொறிகளைச் சோதிக்கும் கடமையைப் பெரும்பாலும் உரிமையாளரிடமே விட்டிருந்தது. தேர்வெழுதிய மாணவனே தன் விடைத்தாளைத் திருத்துவதை நம் கல்லூரி ஒருநாளும் ஒப்பாது. தகுதியுடைய சோதகர் பார்வையிடவேண்டும், காயமுற்றோர் செய்தியை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்று 2017-இல்தான் அங்கே சட்டம் திருத்தப்பட்டது.

இனி நண்பருக்கு வருவோம். அவர் ஆபத்து என்று சொன்னது உண்மையில் அச்சத்தை. அச்சம் சறுக்கின் உச்சியில் நிற்பவன் கண்ணுக்குத் தெரிவது. அதனைக் கண்டு, விரும்பி, அவன் ஏற்றுக்கொள்கிறான். ஆபத்தோ கணக்கிலுள்ள பிழை. மிதவையிலிருப்பவன் அதனைக் காணமாட்டான். 264 படி ஏறிய பிள்ளை உயரத்துக்கு இசைந்தான். முன்னிருக்கையின் எடைக்கணக்கிற்கு இசைந்தானா? கட்டுப்பாடு மிகுந்தால் புதுமை பிறவாது என்பாரும் உளர். அவருக்கு நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரையே சான்று காட்டுவோம். மலையேறும் நீர் அளவை மீறிப் பிறந்ததன்று. அளந்து அளந்து பிறந்தது. கான்சாஸிலும் முயற்சியன்று குற்றம். முயற்சி முடியுமுன் பிள்ளைகளை ஏற்றியதே குற்றம்.

அப்பித்துச் சறுக்கு 2018 இறுதியிற் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தக் கிளையும் அவ்வாண்டோடு மூடப்பட்டது. டெக்சாஸ் பூங்காவை மறுவாண்டு வேறொரு பெரிய நிறுவனம் வாங்கிற்று. கோமாலின் நீர் அங்கே பழைய சறுக்குகளில் இன்றும் பாய்கிறது.

வரும் விடுமுறையில் தம்முடன் வருமாறு நண்பர் நம்மை அழைத்துள்ளார். செல்வதென்றே முடிவு செய்துள்ளோம். சீட்டு வாங்குமிடத்தில், இங்குள்ள பெரிய சறுக்கை இறுதியாகச் சோதித்தவர் யார், எந்நாளில் என்று வினவுவதாகவும் எண்ணம். நண்பர் நாணித் தள்ளி நிற்பார், நிற்கட்டும்.