வெறுந்தட்டு தரும் ஏமாற்றம்

நோயுற்ற உறவினரைக் காண மருத்துவமனைக்குச் செல்கிறோம். தரை கழுவப்பட்டிருக்கிறது, படுக்கை விரிப்பு வெண்மையாக இருக்கிறது. ஆனால், அங்கு நாம் சுவாசிக்கும் காற்று தூய்மையானதுதானா? காற்றிலுள்ள பாக்டீரியாக்களை எண்ண வேண்டுமாயின், முதலில் அவற்றைப் பிடித்தாக வேண்டும். பிடிக்கும் முறை மாறினால் விடையும் மாறிவிடும் என்பதைத் தாங்கள் அறிவீர்களா?

மிக எளிய முறை, ஊட்டக்கூழ் நிரப்பிய வட்டத்தட்டைச் சிறிது நேரம் திறந்து வைப்பதாகும். அதில் விழும் பாக்டீரியாக்கள் பின்னர் பெருகிப் புள்ளிகளாகத் தென்படும். செலவு மிகக் குறைவே. ஆயினும், கனத்த துகள்களே விரைந்து விழும். நுண்துகள்களோ நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். நுரையீரலின் ஆழம்வரை செல்பவை அவையே!

இக்குறையைப் போக்க 1958-இல் ஆண்டர்சன் என்பவர் ஆறடுக்குக் கருவியொன்றை வெளியிட்டார். அது நிமிடத்திற்கு 28.3 லிட்டர் காற்றை உறிஞ்சும். கீழே செல்லச் செல்ல அடுக்குகளின் துளைகள் சிறுத்துக்கொண்டே போகும். எனவே பெரிய துகள்கள் மேலடுக்கிலும், நுண்ணியவை கீழடுக்கிலும் படியும். காற்றைத் திரவத்துள் பாய்ச்சும் முறையும், வடிதாளில் வடிக்கும் முறையும் உண்டு. முன்னதில் சில பாக்டீரியாக்கள் வேகத்தால் சிதைகின்றன; பின்னதில் சில உலர்ந்து மடிகின்றன. மடிந்தவை தட்டில் வளர்வதில்லை. ஆகவே கணக்கிலும் வருவதில்லை.

காசநோய்க் கிருமியோ இன்னும் கடினமானது. அது வளர்ந்து கண்ணுக்குத் தெரிய வாரக்கணக்காகும்; அதற்குள் பிற கிருமிகள் தட்டை மூடிவிடும். எனவே 1950-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் வேறு வழி கண்டனர். காசநோயாளிகள் தங்கியிருந்த அறைகளின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றி எனப்படும் சிறு பிராணிகளின் கூண்டுகளுக்குச் செலுத்தினர். நோயாளிகளை ஒருபோதும் நெருங்கியிராத அப்பிராணிகளுள் பலவற்றை நோய் தொற்றியது. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது என்பதற்கு அதுவே வலுவான சான்றாயிற்று.

ஆகவே, தட்டு வெறுமையாக இருப்பதனாலேயே காற்று தூய்மையானது என்று எண்ணிவிட வேண்டாம். சன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். இல்லத்தில் எவருக்கேனும் இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், தாமதியாது சளிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமே.