வீட்டுக்கு வந்த பிறகும் கேளுங்கள்



மனநல மருத்துவமனையிலிருந்து பிள்ளை வீடு திரும்பியதும், "நல்லாயிட்டான், இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்" என்று மூடிவிடுகிறோம். நம்ம நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தியதோடு சரி. பிரார்த்தனை இருக்கட்டும். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம் என்கின்றன மருத்துவ ஆய்வுகள்.

வார்டில் டாக்டர் கேட்பார்: சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? முன்பு முயன்றதுண்டா? மனம்விட்டுப் பேச வீட்டில் யார் இருக்கிறார்கள்? அன்று சொன்னது அன்றைய பதில். பதின்வயது மனசு ஒரு ரிசல்ட்டில், ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் மாறிவிடும். கேள்வித்தாளுக்கு மதிப்பெண் போட்டு யார் தற்கொலைக்கு முயல்வார் என்று கணிக்கக் கூடாது என, பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் சொன்னது. மார்க் போட்டே காலம் கழித்த எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

ஆகவே வீட்டிலும் கேளுங்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்பது வீண் பயம். அறிவுரை வேண்டாம், காது கொடுங்கள். மருந்துகளைப் பெரியவர்கள் பூட்டி வையுங்கள். ரிவியூ தேதியைத் தவறவிடாதீர்கள்.

முயன்றவரைத் தண்டிக்காதே, பராமரி என்கிறது 2017-ம் வருட மனநலச் சட்டம். சட்டமே அப்படிச் சொல்லும்போது, அக்கம்பக்கத்துக்குப் பயந்து நாம் ஏன் ஒளிக்க வேண்டும்?

சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு இருக்கிறது: 044-24640050. டெலி மனஸ் 14416, 24 மணி நேரமும். குறித்துக்கொள்ளுங்கள்.