பிரேக்கும் ஓர் அமானத்

 

ஹைபிரிட் காரின் பிரேக்கை வீட்டு வாசலில் தாமே மாற்றிக் கொள்ளலாமா என்று சகோதரர் ஒருவர் கேட்டு எழுதியுள்ளார். பட்டறைக் கூலி அவருக்கு மலைப்பாக இருக்கிறதாம். அந்தக் காரில் வயது முதிர்ந்த தாயாரும் மூன்று பிள்ளைகளும் ஏறுகின்றனர் என்பதால் இக்கேள்வியைத் தள்ளிவிட மனம் வரவில்லை. மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்கு இதில் என்ன வேலை என எண்ணாதீர்கள். என் மைத்துனர் பட்டறை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் என் பொழுது அங்கேதான் கழியும்.

பேட்டை மாற்றலாம், ஆயிலைத் தொடலாகாது. இதுவே என் விடை.

ஹைபிரிட் காரில் பிரேக்கை மிதித்தால் பெரும்பாலும் முதலில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைக்கிறது. அதில் பிறக்கும் மின்சாரம் பேட்டரியில் சேர்கிறது. ஆகவே பேட் நெடுங்காலம் உழைக்கும். ஏமாற்றமும் இங்கேதான். பேட் தேயவில்லை என்று சக்கரத்தைக் கழற்றிப் பாராமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அதற்குள் காலிப்பர் பின்கள் துருவேறி இறுகுகின்றன. பிரேக் ஆயிலோ காற்றின் ஈரத்தைக் குடித்துக் கொண்டே இருக்கிறது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்காது, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அது 140 டிகிரி வரை இறங்கலாம். கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பேட்டரி நிறைந்துவிட்டால் மோட்டாரின் உதவி குறைந்து, பேட்களின் சுமை கூடும். அந்தச் சூட்டில் ஆயில் ஆவியானால் மிதி தரைவரை போய்விடும்.

பேட் மாற்றுவோர் சமதளத்தில் மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். இது எல்லாக் கார்களுக்கும் உரியது. ஹைபிரிட்டில் இன்னொரு சங்கதி உண்டு. பல மாடல்களில் ஓட்டுநர் கதவைத் திறந்த மாத்திரத்திலேயே பிரேக் பம்பு தானாக ஓடி அழுத்தம் ஏற்றுகிறது. சாவி போட வேண்டியதே இல்லை. சிலவற்றில் பிஸ்டனும் நகரும். காலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும்போது பிள்ளை ஒன்று விளையாட்டாய்க் கதவைத் திறந்தால் உங்கள் விரலே நசுங்கக் கூடும். எனவே 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். சாவி வீட்டிற்குள் இருக்கட்டும். மின்சாரக் கைப்பிரேக் உள்ள காரென்றால் பின்சக்கரங்களைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும்போது டப்பாவில் ஆயில் மட்டம் உயரும். பெயிண்டில் சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவுங்கள், பெயிண்டை அரித்துவிடும்.

ஆயில் மாற்றி ஏர் எடுக்கும் வேலை வேறு. சாதாரணக் காரில் ஒருவர் மிதிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்தால் முடிந்தது. ஹைபிரிட்டிலோ மிதிக்கும் சக்கரத்திற்கும் நடுவே கம்ப்யூட்டர் ஆளும் வால்வுகள் இருக்கின்றன. பல மாடல்களில் அவற்றை வரிசைப்படி திறக்க ஸ்கேன் கருவி வேண்டும். அஃதின்றிச் செய்தால் உள்ளே காற்று தங்கிவிடலாம். வீட்டிலேயே ஏர் எடுத்துப் பார்த்த இளைஞர் ஒருவரின் காரை மைத்துனரின் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்ததை நானே கண்டேன். கருவி இருக்கிறதா என்று பட்டறையில் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பேட் மாற்றி முடித்தபின் பேட்டரியை இணைத்து, மிதி கெட்டிப்படும்வரை பலமுறை மிதியுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிகிறதா எனப் பார்த்து, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். தாயாரை ஏற்றுவது அதற்குப் பிறகு.

வஸ்ஸலாம்.